புளோரன்ஸ் போகிறீர்களா? கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

ரோமில் காலை அதிவேக ரயில் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் புளோரன்ஸில் இறங்கி, மாலையே திரும்பிவிடும் திட்டத்தோடு வருகிறவர்கள் ஏராளம். அந்த நாள் திங்கட்கிழமையாக இருந்துவிட்டால் ஊஃபிஸி ஓவியக்கூடம் மூடியிருக்கும். மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை உள்ள அக்காதெமியாவும் மூடியிருக்கும். முன்பதிவு இல்லையென்றால் பேராலயக் குவிமாடத்தில் ஏறவும் முடியாது. அத்தனை தூரம் பறந்து வந்து, பாலத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. குறைந்தது இரண்டு இரவாவது தங்குங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமில்லை என்று கேள்விப்பட்டு, அதற்காகவே தேதி குறிப்பவர்களும் உண்டு. அன்று நேரம் பதிவு செய்து போக வழியில்லை என்பதால் வரிசை தெருவைத் தாண்டி நீளும். வெயில் காலத்தில் முதியவர்களோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது. ஞாயிறு வழிபாட்டு நாள் என்பதால் பேராலயத்தை நம்பியும் அன்றைக்குத் திட்டம் போட வேண்டாம்.

பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது குவிமாடம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும். 1296இல் தொடங்கிய இந்தப் பேராலயத்தின் நடுவே, சுமார் 45 மீட்டர் அகலம் நெடுங்காலம் கூரையில்லாமல் கிடந்தது. தரையிலிருந்து அவ்வளவு உயரத்துக்கும் அகலத்துக்கும் மரத்தில் சென்ட்ரிங் அடிப்பது நடக்கிற காரியமில்லை. 1420இல் வேலையைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, அந்தச் சென்ட்ரிங் இல்லாமலேயே 1436இல் குவிமாடத்தை முடித்தார். முட்டை ஓடு போல, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். செங்கற்களைப் படுக்கையாக அடுக்கிக்கொண்டே போகாமல், இடையிடையே நிமிர்த்திச் செருகினார். காரை இறுகும்வரை வரிசை உள்பக்கம் சரிந்துவிடாமல் அந்த நிமிர்ந்த கற்கள் பிடித்துக்கொண்டன. ஏறும் படிகள் இந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவில்தான் போகின்றன. மீன்முள் போன்ற அந்த அடுக்கைச் சில இடங்களில் கண்ணெதிரே பார்க்கலாம். அவசரமாக ஏறுகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

மொத்தம் 463 படிகள். லிஃப்ட் கிடையாது. பல இடங்களில் ஒருவர் மட்டுமே போகும் அகலம்; கடைசிப் பகுதி மிகவும் செங்குத்து. பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் பாதியில் திரும்புவது சிரமம். இதய நோய், மூச்சிரைப்பு, மூட்டுவலி, தலைசுற்றல், அடைபட்ட இடத்தில் பதற்றம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம். இதைப் பயண முகவர்கள் பலர் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவது தவறு. பக்கத்திலுள்ள ஜோத்தோவின் மணிக்கூண்டுக்கு 414 படிகள், அங்கும் லிஃப்ட் இல்லை. ஆனால் நடுநடுவே தளங்கள் இருப்பதால் நின்று மூச்சு வாங்கலாம். குவிமாடத்தின் மேலிருந்து குவிமாடம் தெரியாது. மணிக்கூண்டிலிருந்து முழுதாகத் தெரியும்.

குவிமாடச் சீட்டில் குறித்த நேரத்தை மாற்ற முடியாது. அதற்கான வாசல் பேராலயத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகப்பில் நிற்கும் நீண்ட வரிசை, கட்டணமில்லாமல் பேராலயத்துக்குள் போகிறவர்களுடையது. அதில் போய் நின்று தங்கள் நேரத்தைத் தவறவிடுகிறவர்கள் பலர். பெரிய பைகளை முன்பே பொருள் காப்பிடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும்.

அதே சீட்டில் பேராலய அருங்காட்சியகமும் அடக்கம். ஆனால் கூட்டம் அங்கே போவதில்லை. பேராலய முகப்புக்கு எதிரிலுள்ள ஞானஸ்நான மண்டபத்தின் கிழக்குக் கதவின் முன் முண்டியடித்துப் படமெடுக்கிறார்களே, அது நகல். சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை செய்த அசல் தங்கமுலாம் கதவுகள் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா மரியாளும் இங்கேதான். எங்கள் கணக்கில் ஊஃபிஸிக்கு ஈடான இடம் இது. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

டேவிட் சிலையிலும் இதே குழப்பம். சின்யோரியா சதுக்கத்தில் நிற்பது 1910இல் வைத்த நகல். 5.17 மீட்டர் உயர அசல் 1873இலேயே அக்காதெமியாவுக்குப் போய்விட்டது. அங்கே பொருள் காப்பிடம் இல்லை. பெட்டியோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சீட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடலில் முதலில் வரும் தளங்கள் பல, அதே சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்பவை.

நேரம் மிஞ்சினால் சாந்தா குரோசே தேவாலயம். மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரின் கல்லறைகளும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. கவிஞர் தாந்தேக்கு இருப்பது நினைவுச் சின்னம் மட்டுமே, அவரை அடக்கம் செய்தது ராவென்னாவில். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் அர்னோ ஆறு இந்தப் பகுதியைத்தான் மிக மோசமாக மூழ்கடித்தது. தண்ணீர் எட்டிய உயரத்தைக் குறிக்கும் பலகைகளை அக்கம்பக்கத்துச் சுவர்களில் தலைக்கு மேலே தேடுங்கள்.

நகருக்கு மேற்கே காஷினே பூங்காவின் கடைக்கோடியில் ஓர் இந்தியரின் நினைவிடம் உண்டு. கோலாப்பூர் மன்னர் இராஜாராம், இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870இல் இங்கே இறந்தார். முஞோனே ஓடை அர்னோவில் கலக்கும் இடத்தில் இந்து முறைப்படி எரியூட்டினார்கள். பூங்கா மிக நீளம் என்பதால் சைக்கிள் எடுத்துக்கொள்வது நல்லது.

தெருவில் தரையிலேயே ஓவியங்களைப் பரப்பியிருப்பார்கள். தெரியாமல் மிதித்தால் பணம் கேட்டுத் தகராறு வரும், பார்த்து நடங்கள். பிராந்திய ரயிலின் காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம். இறங்க வேண்டிய நிலையம் சாந்தா மரியா நொவெல்லா. சில ரயில்கள் காம்போ தி மார்தேயில் மட்டும் நிற்கும், சீட்டு வாங்கும்போதே பாருங்கள். வாடகைக் காரை நகர மையத்துக்குள் ஓட்டவே வேண்டாம். அனுமதியில்லாத வண்டிகளை எல்லைக் கேமராக்கள் படம்பிடித்துவிடும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம், அதோடு வாடகை நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து, நீங்கள் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்துக்கூட வந்து சேரும்.