மைதானத்துக்கும் வீட்டுக்கும் இடையில் தூது போகும் பிள்ளை

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முடிந்து, கோட்ட, வலய மட்டப் போட்டிகளுக்கான பயிற்சிகள் தொடங்கும் காலத்தில், வயிற்றுவலி, தலையிடி, நித்திரைக் குறைவு என்று சொல்லிக்கொண்டு உளவளத்துணைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் தொகை கூடுவதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் பணியாற்றும் நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். வைத்தியசாலையில் பார்த்துவிட்டு, உடலில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஆறுதலாகப் பேசிப் பார்த்தால், பயிற்சி உள்ள நாட்களில்தான் வலி வருகிறது என்பது தெரியவரும். பிள்ளைக்கு விளையாட விருப்பமில்லை என்று உடனே எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிழையான முடிவு. அந்தப் பிள்ளைக்கு விளையாட்டில் ஆசை இருக்கிறது. பெரியவர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியதையெல்லாம் தன்னிடம் சொல்லியனுப்புவதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

"அஞ்சரைக்குப் பிறகு மறிக்க வேண்டாம் எண்டு உங்கட சேரிட்டச் சொல்லு" என்று வீட்டில் சொல்லப்படுகிறது. "வாறதெண்டா ஒழுங்கா வா, இல்லாட்டி நிண்டுகொள் எண்டு கொம்மாட்டச் சொல்லு" என்று மைதானத்தில் சொல்லப்படுகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை இவற்றில் எதையுமே உரிய இடத்தில் சொல்வதில்லை. வீட்டில் "சேர் சரியெண்டவர்" என்று ஒரு பொய்யும், மைதானத்தில் "அம்மாவுக்குச் சுகமில்லை" என்று இன்னொரு பொய்யும் சொல்லி நாட்களை ஓட்டுகிறது. சில வாரங்களில், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத இரண்டு பெரியவர்கள் ஒருவர்மீது ஒருவர் கடுங்கோபத்தில் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தை முழுதாக அறிந்த ஒரே ஆள் பிள்ளைதான். பெற்றோருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் இடையிலான பிணக்குகளில் பெரும்பாலானவற்றை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். யார் சரி என்ற கேள்விக்கு நான் இரண்டாம் இடத்தையே கொடுப்பேன். பிள்ளையைத் தூதிலிருந்து விடுவிப்பதே முதல் வேலை.

இந்தப் பிணக்குக்கு வன்னியில் வேறு இடங்களில் இல்லாத சில வேர்களும் உண்டு. ஏ-9 வீதியை ஒட்டிய பாடசாலையில் பயிற்சி முடியும் பிள்ளைக்கு பஸ் கிடைக்கும். உள்ளூர்க் குடியேற்றத் திட்டம் ஒன்றிலிருந்து வரும் பிள்ளை கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், வெளிச்சமில்லாத கிறவல் வீதியில் சைக்கிள் மிதிக்க வேண்டும். யானை நடமாட்டம் உள்ள இடங்களும் இருக்கின்றன. இவற்றோடு, வெளியில் சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. இன்று பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் பலர், 2009 இல் முடிந்த யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் தாங்களே இளம் பிள்ளைகளாக இருந்தவர்கள். ஆட்சேர்ப்புக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளித்து வைக்கப்பட்டவர்களும், முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து பிறகு செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். தன் பிள்ளையை ஒருவர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவருவார் என்பதை அப்படிப்பட்ட ஒரு தாயால் இலகுவில் ஏற்க முடியாது. மாகாணப் போட்டிக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க மறுக்கும் தாயை "விளங்காத சனம்" என்று சொல்லும் பயிற்றுவிப்பாளருக்கு நான் முதலில் நினைவூட்டுவது இதைத்தான்.

அந்தக் கடிதத்தையே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், தரம், போட்டியின் பெயர், பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் பாடசாலை பொறுப்பல்ல என்ற பொருளில் ஒரு வசனம், கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. திரும்பி வரும் நேரம் இல்லை. எங்கே தங்குவார்கள் என்பது இல்லை. கூடப் போகும் ஆசிரியை யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதும் இல்லை. தாய்க்கு எது தேவையோ அதைத் தவிர்த்து, பாடசாலைக்கு எது தேவையோ அதை மட்டும் எழுதிவிட்டு, கையெழுத்து வரவில்லை என்று குறைப்படுகிறோம்.

அண்மையில் நான் இடையில் இருந்து பேசவேண்டி வந்த பிணக்கு ஒன்றைச் சொல்லலாம். அடையாளம் தெரியாதவாறு விபரங்களை மாற்றியிருக்கிறேன். வலைப்பந்தாட்ட அணியில் இருந்த மாணவி ஒருத்தி, அயல் வலயத்தில் நடந்த போட்டி முடிந்து இரவு எட்டு மணிக்குப் பிறகு வீடு வந்திருக்கிறாள். அடுத்த நாள் தாய் பாடசாலை வாசலில் நின்று பயிற்றுவிப்பாளரைப் பலர் முன்னிலையில் ஏசிவிட்டார். அவர் மனமுடைந்து, இனி அந்தப் பிள்ளையை அணியில் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இருவரையும் ஒரு மேசையில் இருத்தியபோது தாய் சொன்ன முதல் வசனம் இது: "சேர், நான் பிள்ளையை விளையாட விடமாட்டன் எண்டு சொல்லேல்லை. ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருந்தா நான் சந்தியில வந்து நிண்டிருப்பன். ஊர்ச்சனம் கேக்கேக்க நான் என்னத்தைச் சொல்லுறது?" அவர் சொன்னார்: "அம்மா, வான்காரன் ரெண்டு மணித்தியாலம் பிந்தினவன். பதினொரு பிள்ளையளுக்கும் வடையும் தேத்தண்ணியும் என்ர காசில வாங்கிக் குடுத்திட்டு, ஒவ்வொருத்தரையா இறக்கிக்கொண்டு வந்தனான். என்ர போனில சார்ஜும் இல்லை." இருவரும் அதன்பிறகு சற்று நேரம் பேசவில்லை. தந்தை இல்லாத குடும்பத்தில் பெண்பிள்ளை பிந்தி வந்தால் அயலில் என்ன கதை எழும் என்பதை அவரும், அந்தப் பயணத்துக்குப் பாடசாலை ஒதுக்கிய பணம் வாகனக் கூலிக்கே போதவில்லை என்பதைத் தாயும் அன்றைக்குத்தான் அறிந்தார்கள்.

பயிற்றுவிப்பாளரின் பக்கத்தையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பல பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே மெய்வல்லுநர், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், எல்லே என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். அவரும் இல்லாத இடத்தில் தமிழோ கணிதமோ படிப்பிக்கும் ஒருவர், அல்லது சம்பளமில்லாமல் வரும் பழைய மாணவர் பொறுப்பெடுக்கிறார். தோற்றால் அதிபரிடம் பதில் சொல்ல வேண்டியவரும், வென்றால் மேடையில் பெயர் சொல்லப்படாமல் விடப்படுபவரும் அவரே.

மைதான ஓரத்தில் நின்று கத்தும் தகப்பன்மார் வேறு வகை. இவர்களில் பலர் ஒருகாலத்தில் கழகங்களுக்கு ஆடியவர்கள். விளையாட்டு அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் சிக்கலே. பயிற்றுவிப்பாளர் பின்வரிசையில் நிற்கச் சொன்ன மகனை, தகப்பன் "முன்னுக்கு ஏறு" என்று கூப்பிடுகிறார். பந்து வரும்போது பிள்ளையின் கண் பந்தில் இல்லை, எல்லைக் கோட்டில் இருக்கிறது. இத்தகைய ஆட்டங்களை நான் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை விடும் தவறுகளில் பாதி, கால் விடும் தவறுகள் அல்ல. வெளிநாட்டிலுள்ள சித்தப்பா அணிக்கு ஜேர்சி வாங்கிக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. உதவி செய்தவரின் பெறாமகனை வெளியில் இருத்த எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் கை நடுங்கும். உதவிகளை அதிபர் ஊடாகவும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஊடாகவும் மட்டும் பெற்றுக்கொள்ளும் பாடசாலைகளில் இந்தத் தலையிடி குறைவு.

அணித்தெரிவுதான் அதிகம் மனம் நோகும் இடம். பெற்றோர் இதில் ஒரு விடயத்தை அறிந்திருக்க வேண்டும். வயதுப்பிரிவு ஆண்டுக் கணக்கில் அமைவதால், ஒரே பிரிவில் ஓடும் ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். கனடாவில் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை 1980களில் ஆராய்ந்த உளவியலாளர் ரொஜர் பான்ஸ்லி, தெரிவானவர்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் காட்டினார். அத்துடன், பெண்பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது சுமார் 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு அது சுமார் 14 வயதிலுமாகும். அதிலும் ஆளுக்காள் இரண்டு வருடங்கள் முன்பின்னாகும். பதின்மூன்று வயதில் அணியில் இடம் கிடைக்காத பிள்ளையிடம் திறமை இல்லை என்று தீர்ப்பளிக்க இந்த வயதில் எவராலும் முடியாது. இதைப் பயிற்றுவிப்பாளர் தெரிவு நாளிலேயே பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னால், பல வீடுகளில் அன்றிரவு "அந்த வாத்தி ஆள்பார்த்துத்தான் எடுக்கிறார்" என்ற கதை எழாது. உண்மையிலேயே ஆள்பார்த்து எடுப்பவர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறார்கள், அவர்களை ஊரே அறியும்.

இதுவரை சொன்னவை பேசித் தீர்க்கக்கூடியவை. பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடை செய்திருக்கிறது. மைதானம் அதற்கு விலக்கான இடம் அல்ல. "அடிச்சால்தான் ஓடுவான்" என்பதைப் பயிற்சி முறை என்று எவரும் நியாயப்படுத்த முடியாது, பெற்றோரே அதற்குச் சம்மதித்தாலும் முடியாது. தகாத தொடுகை, தனியே வரச்சொல்லுதல், இரவில் மாணவிக்கு வட்ஸ்அப் செய்தி அனுப்புதல் ஆகியவற்றை "மானம் போகும்" என்று மூடி வைக்காமல் அதிபரிடமோ, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ சொல்லவேண்டும். வெயிலும் அப்படித்தான். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் என்ற ஊரில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அதற்குப் பின்னரும், நண்பகல் வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஓடவிடுவதை ஒரு பெற்றோர் கேள்வி கேட்டால் அது தலையீடு ஆகாது.

கடுமையாக நடத்தினால்தான் வெற்றி வரும் என்று நம்பும் பயிற்றுவிப்பாளர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், பிராங்க் ஸ்மோல் ஆகியோர் நான்சி பார்னெட்டுடன் சேர்ந்து சிறுவர் பேஸ்போல் அணிகளில் செய்து 1992 இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளை ஊக்குவித்துத் திருத்தும் முறையில் பயிற்றப்பட்ட பயிற்றுவிப்பாளர்களிடம் விளையாடியவர்களில் 5 வீதத்தினரே அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டிருந்தார்கள். பயிற்றப்படாதவர்களிடம் விளையாடியவர்களில் அது 26 வீதம். இரு பகுதியினரின் வெற்றி தோல்விக் கணக்கில் வேறுபாடு இருக்கவில்லை.

அமெரிக்காவின் பல உயர்நிலைப் பாடசாலைகளில் இரண்டு வழக்கங்கள் உண்டு. பருவம் தொடங்கு முன் பெற்றோரைக் கூட்டி, எவை பற்றிப் பேசலாம், எவை பற்றிப் பேச முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள்: பிள்ளையின் உடல்நலம், நடத்தை, முன்னேற வழி ஆகியவற்றைப் பேசலாம், ஆட்ட வியூகத்தையும் மற்றவரின் பிள்ளையையும் பற்றிப் பேச முடியாது. ஆட்டம் முடிந்து 24 மணித்தியாலம் கழியும் வரை எந்த முறைப்பாட்டுக்கும் இடமில்லை என்பது மற்றது. இரண்டையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கூட்டத்தின் நேரத்தைத் தவிர. நாட்கூலிக்குப் போகும் தாயை வேலைநாளில் காலை பத்து மணிக்கு அழைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பதிவேட்டில் எழுதுவதில் பயனில்லை. பின்னேரம், பயிற்சி நடக்கும்போதே, மைதானத்து மரநிழலில் அரை மணித்தியாலம் போதும். பயிற்சி நாட்கள், முடியும் நேரம், வாகனம், செலவு, கூடவரும் ஆசிரியை, காயம் பட்டால் எந்த வைத்தியசாலை, இவ்வளவுதான் பேசவேண்டியது. வட்ஸ்அப் குழு வைத்தால் அதில் நேரமும் இடமும் மட்டும் வரட்டும். குறை இருந்தால் முதலில் பயிற்றுவிப்பாளர், பிறகு விளையாட்டுப் பொறுப்பாசிரியர், அதற்குப் பின் அதிபர். நேரே வலயக் கல்விப் பணிமனைக்குப் பெட்டிசம் போடுவதும், முகநூலில் பெயரில்லாமல் எழுதுவதும் விசாரணை என்ற பெயரில் பிள்ளையையே மறுபடி சாட்சிக்கு இழுக்கும்.

பரீட்சை பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண தர, உயர்தர வகுப்புகளில் ரியூசனும் பயிற்சியும் மோதுவது இயல்பு. எந்தப் போட்டியோடு நிறுத்துவது, பரீட்சைக்கு எத்தனை மாதம் முன் நிறுத்துவது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே இருவரும் பேசி எழுதி வைத்தால் சண்டை வராது. ஆனால், "விளையாட்டால கம்பஸ் போகலாம்" என்று பிள்ளைக்கு ஆசை காட்டும் பயிற்றுவிப்பாளர்கள் அதை முழுதாகச் சொல்லவேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் அப்படியொரு சிறப்பு ஏற்பாடு உண்டு. அது தேசிய, சர்வதேச மட்டச் சாதனையாளருக்கு உரியது, உயர்தரத்தில் அனுமதிக்கான குறைந்தபட்சத் தகைமையும் அவர்களுக்கு வேண்டும். வலயமட்டச் சான்றிதழை நம்பி உயர்தரத்தைக் கோட்டைவிட்ட பிள்ளையின் வீட்டில் அடுத்த தம்பியை மைதானப் பக்கமே விடமாட்டார்கள்.

பிள்ளை இனி விளையாடவில்லை என்று சொன்னால், அதை வீட்டில் ஒருமுறையும் மைதானத்தில் ஒருமுறையும் தனித்தனியே விசாரிக்காமல், பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் சேர்ந்திருந்து கேட்கவேண்டும். காரணத்தை வற்புறுத்த வேண்டாம். இரண்டு கிழமை ஓய்வு கொடுத்து, அணியில் பெயரை வெட்டாமல் வைத்திருங்கள். அந்த இடைவெளியில் வயிற்றுவலி குறைந்தும், பின்னேரங்களில் பிள்ளை பந்தைத் தேடிக்கொண்டும் இருந்தால், நீங்கள் இருவரும் மறுபடி சந்தித்துப் பேசவேண்டிய தேவை இருக்கிறது.