மறுவாழ்வு அன்று, நிலை பழகல்

கோவை மருத்துவமனை ஒன்றில் எங்கள் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) கொடுத்தனுப்பிய தாளின் தலைப்பு, ‘வெஸ்டிபுலர் தன்னியக்க மறுவாழ்வுப் பயிற்சி’. உட்காதுக் கோளாறால் கிறுகிறுப்பும் தள்ளாட்டமும் உள்ளவர்கள் வீட்டில் தாமே செய்துகொள்ளும் பயிற்சிக்கு இப்படியொரு பெயரை நான் காண்பது மூன்றாம் முறை. கோபிப் பக்கம் தோட்டத்து வீட்டில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தவர், “ஏஞ்சாமி, நா என்ன குடிச்சுப்போட்டா தள்ளாடறேன், மறுவாழ்வுக்குப் போகச் சொல்றாங்கோ?” என்று கேட்டார். அந்தத் தாளை அவர் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் மடித்து வைத்துக்கொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வெஸ்டிபுலம் என்பது இலத்தீனில் வீட்டின் முன்வாசலைக் குறிக்கும். உட்காதில் நத்தை வடிவக் குழலுக்கும் மூன்று அரைவட்டக் குழல்களுக்கும் இடையிலுள்ள சிற்றறைக்கு உடற்கூற்றியலார் இப்பெயரை இட்டனர். தலையின் திருப்பத்தையும் சாய்வையும் மூளைக்குச் சொல்லும் உறுப்புகள் அந்த அறையிலும் அரைவட்டக் குழல்களிலும் உள்ளன. இல்லத்தின் முன்பகுதியைச் சுட்டும் ‘முன்றில்’ என்ற பழஞ்சொல் இதற்கு அப்படியே பொருந்துவதால், ‘செவி முன்றில்’ என்பதில் எனக்குப் பிணக்கில்லை.

பிணக்கெல்லாம் ‘மறுவாழ்வு’ மீதுதான். இப்படிப் பெயர்க்கப்படும் ரீஹாபிலிட்டேஷன் என்ற ஆங்கிலச் சொல் ‘வல்ல, தகுதியுள்ள’ எனப் பொருள்படும் ஹாபிலிஸ் என்ற இலத்தீன் அடியிலிருந்து வந்தது. மீண்டும் வல்லவராக்குதல் என்பதே அதன் பொருள், வாழ்வு என்ற கருத்தே அதில் இல்லை. தமிழ்நாட்டிலோ மறுவாழ்வு என்றதும் குடிநோயாளிகளுக்கான மையமும், 2021இல் அரசு பெயர் மாற்றிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும்தான் நினைவுக்கு வரும். வாழ்வு குலைந்து மறுபடி தொடங்க வேண்டியவர்களுக்கு அது மதிப்புள்ள சொல். காது மட்டும் பழுதுபட்ட ஒருவரிடம் அதைச் சொன்னால், அவருடைய வாழ்வே முறிந்துவிட்டது என்று சொல்வதாகிறது.

‘சமநிலை மீட்பு’ என்போரும் உண்டு. அது இதைவிட மேல் என்றாலும், போனது அப்படியே திரும்பி வரும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. பழுதுபட்ட காது பல வேளைகளில் பழையபடி ஆவதில்லை. கண்ணும் காலும் கழுத்தும் தரும் செய்திகளைக் கொண்டு ஈடுகட்ட மூளை கற்றுக்கொள்கிறது. 1940களில் இங்கிலாந்தில் காத்தோர்ன், குக்சி என்ற மருத்துவர்கள் வகுத்த பயிற்சிகளும் இந்த வழியில் செல்பவையே: முதலில் கண்ணசைவு, பிறகு தலையசைவு, பிறகு உட்கார்ந்து எழுதல், கடைசியில் நடை. எந்த அசைவு கிறுகிறுப்பைத் தருகிறதோ அதையே சிறிது சிறிதாகச் செய்து பழக்க வேண்டும். (உட்காதுத் துகள் இடம்பெயர்வதால் வரும் சுற்றலுக்குச் செய்யும் எப்லி முறை வேறு, இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பதும் தவறு.) எங்கள் பக்கம் காளைக்கன்றை முதல் நாளே ஏரில் பூட்டி உழுவதில்லை, வெறும் நுகத்தடியை வைத்து நடத்திப் பழக்குவார்கள். குழந்தை நடைவண்டியைப் பிடித்து ‘நடை பழகுகிறது’ என்கிறோம். அதே அச்சில் ‘நிலை பழகல்’ என்று சொன்னால் பொருள் முழுவதும் வந்துவிடுகிறது. மருத்துவர் நூலில் எழுதும்போது முன்னே ‘செவி முன்றில்’ சேர்த்துக்கொள்ளலாம். சிகிச்சை பிறர் செய்வது, பழகுவது தானே செய்வது. ஆகவே ‘தன்னியக்க’ என்ற ஒட்டும் வேண்டியதில்லை. அது எந்திரத்துக்கு உரிய சொல், மனிதருக்கு அன்று.

தலைப்போடு தவறு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துவைத்துவிட்டு, படிப்பவர் அதை என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். அதே தாளில் ‘படுத்த நிலைப்பாட்டில்’ என்றிருந்தது. நிலைப்பாடு என்பது கட்சிகளுக்கு உள்ளது. அடுத்த வரியில் ‘கட்டைவிரலில் பார்வையைச் சரிசெய்யவும்’. ஃபிக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிறுத்துதல் என்ற பொருளும் உண்டு என்பதை எழுதியவர் எண்ணவில்லை. அம்மிச்சியோ கண் மருத்துவரையும் பார்க்க வேண்டுமோ என்று கேட்டார்.

தாளின் பின்பக்கத்தில் நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘நிலை பழகல். திண்ணையில் உட்கார்ந்து, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, பார்வையை நகத்தில் நிறுத்தி, தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் திருப்புக.’ அவர் யாரையும் விளக்கம் கேட்காமல் அன்று மாலையே விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.