ஒட்டு பிடிக்கும், விதை பிடிக்காது

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் நடைபாதையில் அடுத்த வீட்டு அத்தை வளர்க்கும் செடிக்குக் கீழ்ப்பாதி சுண்டை, மேல்பாதி கத்தரி. சுண்டைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பிளந்து, கத்தரிக் குருத்தை ஆப்புபோல் சீவிச் செருகிக் கட்டினார். இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டது. மண்ணிலிருந்து வரும் வாடல் நோயைச் சுண்டை வேர் தாங்கும் என்பதால் கத்தரி பயிரிடுவோர் பலரும் செய்வதுதான்.

வேரை இரவல் வாங்குவானேன், அந்தக் குணத்தை விதைக்குள்ளேயே ஏற்றிவிடலாமே என்று எனக்கு ஆசை. கத்தரி மொட்டைப் பிரித்து மஞ்சள் மகரந்தப்பைகளைச் சாமணத்தால் கிள்ளி எடுத்தேன். மறுநாள் சுண்டையின் வெள்ளைப் பூவைத் தட்டி, உதிர்ந்த தூளைச் சூலகமுடியில் தடவி, காலித் தேநீர்ப் பையால் மூடினேன். பத்துப் பூவில் எட்டு உதிர்ந்தன. இரண்டு காய்த்தன. அறுத்துப் பார்த்தால் விதையெல்லாம் பதர். நகத்தால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை.

“ஒட்டுப்போட்டால் பிடிக்கிறது, விதை மட்டும் ஏன் பிடிக்கவில்லை, தம்பி?” என்றார் அத்தை.

ஒட்டுச்செடியில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. தண்ணீரும் உணவும் கைமாறும், அவரவர் உட்கரு அவரவருக்கு. விதையிலோ ஒரே அடுப்பில் இருவர் சமைக்க வேண்டும். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் இரண்டுக்கும் 24தான். ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது.

ஒரு மகரந்தத் துகள் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது தாயின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகிறது. கருவூண் என்றால் விதைக்குள் கட்டிவைத்த சோறு. தேங்காயின் இளநீரும் பருப்பும் அதுதான். அதில் தாய்க்கு இரண்டு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு. சில மரபணுக்கள் தந்தைவழி வந்தால் மட்டுமே வேலை செய்யும், சில தாய்வழி வந்தால் மட்டுமே. மொத்தத்தில் தந்தையின் பக்கம் “இன்னும் வளர்” என்று தள்ளுகிறது, தாயின் பக்கம் “போதும்” என்று பிடித்து இழுக்கிறது. தாய் எல்லா விதைகளுக்கும் பங்கிட வேண்டும். தந்தைக்குத் தன் விதை கொழுத்தால் சரி. இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

ஓர் இனத்துக்குள் இந்த இழுப்பும் தள்ளலும் சமபலம். வேற்றினத் தந்தையின் கை ஓங்கினால் கருவூண் செல்சுவர் எழுப்ப வேண்டிய நேரத்தில் எழுப்பாமல் நீராகவே கிடக்கும், தேங்காயாக முற்றாத இளநீரைப்போல. தாயின் கை ஓங்கினால் சுவர் முந்தி எழும்பி வளர்ச்சி குன்றிவிடும். எப்படியும் கரு பட்டினிதான். கத்தரியின் உறவுகளான உருளைக்கிழங்கு, தக்காளியின் காட்டினங்களில் கலப்பு விதை கெடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். தாயையும் தந்தையையும் இடம்மாற்றினால், அதே மரபணுக்கள்தான், கெடும் விதம் மட்டும் தலைகீழாகும். கருவை முன்கூட்டியே வெட்டியெடுத்துச் சர்க்கரைக் கூழில் வைத்தால் பல கலப்புகள் பிழைத்துவிடுகின்றன. நொந்தது கருவல்ல, சமையலறை.

இப்போது நம் தேசிய மலரைப் பாருங்கள். 1893இல் தோட்டக்கலை ஆர்வலர் ஆக்னஸ் ஜோக்கிமின் பெயரில் அறியப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட்டும் ஈரினக் கலப்புதான். ஆர்க்கிட் விதை வெறும் தூசி. அதில் கருவூண் அநேகமாகக் கிடையாது. காட்டில் பூஞ்சை ஊட்டுகிறது, ஆய்வகக் குடுவையில் சர்க்கரைக் கூழ். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா 1928 முதல் கலப்பு ஆர்க்கிட்டுகளை உருவாக்கிவருகிறது. அவை இவ்வளவு தாராளமாகக் கலப்பதற்கு, சண்டையிட அடுப்படியே இல்லாததும் ஒரு காரணம் என்பேன்.

கலப்பு விதை முளைத்தாலும் முழுதாகத் தப்பிவிட்டதாகாது. தாய்வழி நோயெதிர்ப்பு மரபணு தந்தைவழி மரபணு ஒன்றைக் கிருமி என்று தவறாக எண்ணிக்கொண்டால், செடி தன் இலையைத் தானே கருக்கும். அராபிடாப்சிஸ் என்ற சிறு களையில் ஒரே இனத்தின் இரு வகைகளைக் கலந்தபோதே இது நடந்தது, 16 பாகை செல்சியஸில். சூடு கூடியதும் அடங்கிவிட்டது. நம் ஊர் வெயிலில் அந்தக் கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது!

செடி செழித்தாலும் அடுத்த தலைமுறை வேண்டுமே. தேக்கா சந்தையில் வாங்கும் ரஸ்தாளி வாழை ஈரினக் கலப்பு. அதில் மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம். மூன்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்க்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. பழத்தை நீளவாக்கில் பிளந்தால் நடுவே பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், விதையாகாமல் நின்றுபோன சூல்கள். அத்தையின் பேரன் அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தின்பான்.