முகாமில் தந்த மாத்திரையும் கிளினிக் கொப்பியும்

அண்மையில் ஒரு விடியற்காலையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அறுபது வயதைக் கடந்த ஒரு தாயை நினைவிழந்த நிலையில் எங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தத்தில் சீனியின் அளவு ஒரு டெசிலீற்றருக்கு 28 மில்லிகிராமாக, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார் என்றாலும், அவர் எடுத்திருந்த வகைச் சீனி மாத்திரையால் இறங்கும் சீனி திரும்பத் திரும்ப இறங்கும் என்பதால், அடுத்த நாளும் அவரை வார்ட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மகன் கொண்டுவந்த பையில் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று எங்கள் கிளினிக்கில் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்த கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரை. மற்றது, கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் நடத்திய வெளிநாட்டுத் தொண்டர்கள் தந்த பளபளப்பான அட்டை. அதில் பெரிய எழுத்தில் ஒரு வணிகப் பெயரும், அந்த வீட்டில் எவராலும் வாசிக்க முடியாத ஓர் ஐரோப்பிய மொழியில் மற்றைய விவரங்களும் இருந்தன. அடியில் பொடி எழுத்தில் இருந்ததோ அதே கிளிக்லசைட். மெதுவாகக் கரையும் வகை, 60 மில்லிகிராம். அந்தத் தாய் இரண்டையும் ஒரு வேளையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். நோயும் எடுக்கும் மருந்தும் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியை முகாமில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை.

"அது வெளிநாட்டு மருந்துங்க டொக்டர், நல்ல மருந்துன்னு சொன்னாங்க. ரெண்டையும் போட்டா சீனி சீக்கிரம் கொறையும்னு அம்மா நெனச்சிருச்சி" என்றார் மகன். இதே பதிலை வெவ்வேறு வாய்களிலிருந்து பல தடவை கேட்டுச் சலித்துப்போன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுத் தொண்டர்களை நான் குறைகூற வரவில்லை. மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, 2014 ஒக்டோபரில் கியூபாவிலிருந்து சியெரா லியோனுக்குச் சென்ற 165 மருத்துவப் பணியாளர்கள், புறப்படுமுன் தொற்றுத் தடுப்புப் பயிற்சி பெற்று, அங்கே போன பின்னர் அந்நாட்டுச் சுகாதாரக் கட்டமைப்போடும் உலக சுகாதார நிறுவனத்தோடும் இணைந்தே வேலை செய்தார்கள். உதவி என்பது அப்படித்தான் வர வேண்டும். நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2004 கடல்கோளுக்குப் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுமார் 4000 தொன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி உள்ளூர்ப் பணியாளர்களுக்குத் தெரியாத மொழிகளில் அச்சிடப்பட்டிருந்தது. காலாவதியானவற்றை அழிப்பதே தனிப் பெரும் வேலையாகிப்போனது. நன்கொடை மருந்தில் அதன் பொதுப் பெயர், அதாவது உள்ளிருக்கும் மருந்துப் பொருளின் பெயர், இருக்க வேண்டும், அதைப் பெறும் நாட்டின் மருத்துவர்களுக்கு விளங்கும் மொழியில் விவரம் இருக்க வேண்டும், நாட்டுக்குள் வரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்கள் 1996இலிருந்தே உள்ளன. முகாம் நடத்துவோர் இவற்றை ஒரு தடவையாவது படித்துப் பார்க்கக் கூடாதா?

இனி, என்னை மிகவும் வருத்தும் எண்ணத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி மருந்து மட்டமானது, வெளிநாட்டவர் தருவது உயர்ந்தது என்று மலையகத்தில் படித்தவர்களே நம்புகிறார்கள். கடதாசி உறையில் வரும் மாத்திரைக்குள்ளும் அட்டையில் வரும் மாத்திரைக்குள்ளும் இருப்பது ஒரே மருந்துப் பொருள்தான். அரச வைத்தியசாலைகளில் மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் பொதுப் பெயரால் வழங்குவது ஏழைகளுக்கென்று செய்த மலிவு ஏற்பாடன்று. ஊவா மண்ணில் பிறந்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த கொள்கை அது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதன் வழியே உருவானது; பிற நாடுகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. 2023இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்தின் விவகாரத்துக்குப் பிறகு மக்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அரச மருந்து தவறினால் அதைக் கண்டுபிடித்து நிறுத்தவும் கேள்வி கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. பயணப் பெட்டிக்குள் வந்த மருந்தை இந்நாட்டில் எவரும் பதிவு செய்யவுமில்லை, பரிசோதிக்கவுமில்லை. அதைத் தந்தவர் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார். அதன் பிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கொவிட் காலத்தில் இது எல்லோருக்கும் விளங்கியிருக்க வேண்டும். 2020 மார்ச் மாத நடுவில் வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7000 தொண்டர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அவர்களின் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது, அதில் தவறில்லை. ஆயினும், நெருக்கடி உச்சத்துக்கு வரும்போது யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்பதை அது காட்டிவிட்டது. இங்கே தோட்ட வீட்டு வரிசைகளான லயன்களில் லயன் லயனாக ஏறி இறங்கியவர்கள் குடும்ப நல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும்தான். அதே காலத்தில் எங்கிருந்தோ வந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரைகளைச் சாதாரண இருமலுக்கு விழுங்கிவிட்டு, சீனி ஏறிப்போய் வந்தவர்களையும் பார்த்தோம். ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளருக்கே அம்மருந்து பயன்பட்டது என்பது 2020 ஜூனிலேயே தெரிந்த செய்தி.

மக்கள் அறியாமையால் மட்டும் முகாமுக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளினிக் நாளில் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடுகிறது; பஸ் காசு வேறு; வரிசையில் நின்று மருந்தெடுத்து லயனுக்குத் திரும்பும்போது பின்னேரமாகிவிடுகிறது. முகாமோ லயனுக்கு அருகிலேயே நடக்கிறது, ஆறுதலாகப் பேசுகிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள். தொண்டர்களுக்கு மெய்யாகவே உதவும் எண்ணமிருந்தால் இந்த இடைவெளியை நிரப்பட்டும். கிளினிக் நாளில் ஒரு வாகனத்தை ஒழுங்கு செய்வதும், தோட்ட டிஸ்பென்சரிக்குச் சீனி பார்க்கும் கருவியும் அதற்குரிய ஸ்ட்ரிப்புகளும் வாங்கித் தருவதும், தோட்டத்துக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவின் தண்ணீர்த் தொட்டியைத் திருத்துவதும் நூறு மாத்திரை அட்டைகளை விடப் பெரிய உதவி.

கோயில் கமிட்டிக்கும் இளைஞர் கழகத்துக்கும் ஒன்று சொல்கிறேன். மண்டபத்தைக் கொடுக்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். வரும் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. பதிவில்லாதவர் இங்கே மருந்து எழுதக் கூடாது. மருந்து கொண்டுவர விரும்புவோர் வைத்தியசாலையின் தேவைப் பட்டியலைப் பெற்று, சுகாதார அமைச்சின் வழியாக அனுப்பட்டும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டின்போது அப்படி அனுப்பியவர்களால் பலர் பிழைத்தார்கள். மொழிபெயர்க்கப் போகும் தம்பி தங்கைமாரே, ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறார்கள் என்ற கேள்வியை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

முகாமுக்குப் போகும் அம்மாமார், ஐயாமார் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். கொப்பியைத் திறந்து பார்க்காதவர் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருந்தால், வெட்டிப் பங்கு போடாமல் அட்டையோடு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். யாரும் ஏச மாட்டார்கள். அதுவரை கிளினிக் மருந்தை நிறுத்தவும் வேண்டாம், முகாம் மருந்தைச் சேர்க்கவும் வேண்டாம். சீனி மாத்திரை எடுப்பவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், நினைவிருக்கும்போதே சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990க்கு அழைத்து, அம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு அவரோடு அனுப்புங்கள்.