கீறிக் கீறியே கல்லை மினுக்கலாம்

ஆற்றில் நனைந்து கிடக்கும்போது கண்ணைப் பறிக்கிற கூழாங்கல், வீட்டுக்கு வந்து காய்ந்ததும் வெளிறிப் போய்விடும். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் ஏராளம். விழுகிற ஒளியை அவை கண்ட திசையிலும் சிதறடிப்பதால் கல்லின் நிறம் மங்குகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கும்போது ஒளி உள்ளே போய் நிறத்தோடு திரும்புகிறது. காய்ந்த பிறகும் அந்த அழகு நிற்க வேண்டுமானால், பள்ளங்களை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாக்க வேண்டும். அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரானுக்கும் கீழே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையால் தேய்த்தும் அங்கே போய்ச் சேரலாம்தான், ஆனால் ஒரே கல்லில் பொறுமை தீர்ந்துவிடும்.

அதனால்தான் கல் உருட்டும் இயந்திரம். ரப்பர் பூசிய ஒரு டிரம், அதைச் சுழற்ற இரண்டு தண்டுகள், ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை கல் போட்டு, கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, தேய்ப்புத்தூள் சேர்த்து மூட வேண்டும். சுழலும்போது கற்கள் சுவரோடு ஏறி, மேலே போனதும் ஒன்றையொன்று உரசிச் சரிகின்றன. வேலை முழுவதும் அந்தச் சரிவில்தான் நடக்கிறது. வேகம் மிஞ்சினால், வாஷிங் மெஷின் பிழியும்போது துணி சுவரோடு ஒட்டிக்கொள்வதுபோல, கற்களும் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். 10 செ.மீ. விட்டமுள்ள டிரம்முக்கு அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் 130 சுற்று. வீட்டு இயந்திரங்கள் பொதுவாக அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் ஓடுகின்றன. முதல் தடவை நாலைந்து கல்லை மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். வேண்டாம். டிரம் காலியாக இருந்தால் கற்கள் சரியாமல் தொப்பென்று விழும், விரிசல் விடும்.

தேய்க்க ஆற்று மணல் போதாதா? போதும், ஆறு எடுத்துக்கொள்ளும் காலத்தை நாமும் எடுத்துக்கொண்டால். மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்லும் மோஸ் அளவில் இரண்டுமே 7. தேய்ப்புத்தூளாகப் போடும் சிலிக்கான் கார்பைடோ 9-க்கும் மேல். 1891-இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்யப்போய்க் கண்டெடுத்த பொருள் அது. சாணைச் சக்கரங்களில் கார்போரண்டம் என்று நமக்குத் தெரிந்ததும் அதுவே. அதன் கூர்முனை அழுந்தும் இடத்தில் நுண்விரிசல் விழுந்து, கல்லிலிருந்து துணுக்கு பெயர்கிறது. தூளும் சும்மா இருப்பதில்லை, உடைந்து உடைந்து ஒரு வாரத்தில் கரகரப்பு போய்ச் சேறாகிவிடும்.

தூளுக்கு உப்புத்தாளில் பார்க்கிற அதே மாதிரி எண்கள் உண்டு. எண் ஏற ஏற நைசு கூடும். முதலில் 60–90, அதன் பெரிய துகள்கள் கால் மில்லிமீட்டர் இருக்கும். அடுத்து 120–220, பிறகு 500, கடைசியில் மினுக்குத்தூள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். கல்லுக்கு உருவம் கொடுப்பது முதல் கட்டம் மட்டுமே. மற்றவை முந்தைய கட்டம் போட்ட கீறலை அழித்து, அதைவிடச் சிறிய கீறலைப் போடுகின்றன. ஒவ்வொரு கீறலுக்கு அடியிலும் விரிசல் இறங்கியிருக்கும். அதன் ஆழம் வரை அடுத்த தூள் தேய்த்தாக வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தைத் தாவினால் கணக்கு உதைப்பது இதனால்தான். முதல் வாரத்தில் பள்ளம் போகவில்லையா, புதுத் தூள் போட்டு இன்னொரு வாரம் ஓட்டுங்கள். அங்கே போகாத பள்ளம் அப்புறம் எங்கேயும் போகாது.

கட்டம் மாறும்போது கல்லையும் டிரம்மையும் மூடியின் விளிம்பையும் கழுவுவது சலிப்பான வேலை, ஆனால் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. ஒரு பெரிய துகள் ஒளிந்திருந்தாலும் மினுக்கும் வாரம் வீண்.

மினுக்கும் கட்டத்தில் ஒரு விநோதம். மினுக்குத்தூளாகப் போடும் சீரியம் ஆக்சைடு குவார்ட்ஸைவிட மென்மையானது. கீற முடியாதது எப்படி மெருகேற்றும்? குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான். தண்ணீர் அதன் மேல்தோலை இளக்க, சீரியம் அதோடு வேதிப்பிணைப்பு உண்டாக்கி மிக மெல்லிய படலமாக எடுத்துப்போகிறது என்பது விளக்கம். கண்ணாடி லென்ஸுக்கு மெருகேற்றப் பயன்படுவதும் இதே தூள்தான். வேலை முடிந்ததா என்று பார்க்க, கல்லைத் துடைத்துக் காயவைத்துப் பாதியை மட்டும் நனையுங்கள். இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரிந்தால் முடிந்தது.

எந்தக் கல்லை எடுப்பது? அகேட், ஜாஸ்பர், சூதுபவளம், விரிசலில்லாத வெங்கச்சங்கல். இவை எல்லாமே குவார்ட்ஸ் வகை, ஏறக்குறைய ஒரே கடினம் என்பதால் சேர்த்தே உருட்டலாம். கடினம் 3 மட்டுமே உள்ள சுண்ணாம்புக்கல்லை இவற்றோடு போட்டால் அது கரைந்து காணாமல் போகும். நம்மூரில் எங்கும் கிடைக்கும் கிரானைட் தொடக்கக்காரருக்கு ஏமாற்றம்தான். அதிலுள்ள குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்காவோ 3-க்கும் கீழே. மைக்கா முதலில் பெயர்ந்து, குழி குழியாக விட்டுவிடும்.

மோட்டாருக்கு முன்பும் இந்தத் தொழில் இருந்தது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளை எமரி என்ற கடினமான கல்லின் தூளோடும் தண்ணீரோடும் தோல்பையில் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்து இருவர் நாள்கணக்கில் உருட்டினார்கள். அதே ஊரில் உலர்ந்த கல்லைச் சக்கரத்தில் சாணை பிடித்தவர்களுக்கு சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோய் வந்தது. டிரம்முக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்தத் தூசி எழாது. ஆனால் கழுவிய சேற்றை சிங்க்கில் ஊற்றினால் குழாயில் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் செடியில்லாத மண்ணில் ஊற்றுங்கள். அடியில் தங்கியதைக் காய்ந்து பொடியாவதற்குள், ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.