டர்போ பூஸ்ட்: மிகைக்கடிகாரம் அல்ல, எழுவேகம்

வேலை கூடும்போது இன்டெல் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வதற்குப் பெயர் 'டர்போ பூஸ்ட்'. அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் 'மிகைக்கடிகாரம்' என்று போட்டுவிட்டு நகர்கிறவர்களை இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? காணொளித் தலைப்பில் அது, விற்பனைக் குறிப்பில் அது. கொஞ்சம் அகராதி புரட்டுகிறவர்கள் 'விசையாழி ஊக்கம்' என்கிறார்கள். இரண்டும் தப்பு. முதலாவது, கணினியைப் பழுது பார்க்கிறவரைத் தவறான இடத்துக்கே அனுப்பிவைக்கும் தப்பு.

சொல்லின் பிறப்பு சின்னக் கதைதான். லத்தீனில் 'டர்போ' என்றால் பம்பரம், சுழற்காற்று. பிரான்சில் 1822இல் அதிலிருந்து 'டர்பைன்' பிறந்தது. எஞ்சின் புகையால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் கருவி கார்களுக்கு வந்த பிறகு, 'டர்போ' என்றாலே வேகம் என்றாகிவிட்டது. இன்டெல் 2008இல் தன் முதல் கோர் ஐ7 ப்ராசசர்களுக்கு அந்த மினுக்கை இரவல் வாங்கிக்கொண்டது. சில்லுக்குள் பம்பரமும் கிடையாது, விசையாழியும் கிடையாது. விளம்பரப் பெயரை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் இப்படித்தான் ஆகும். 'ஊக்கம்' இன்னும் மோசம். 'ஊக்கமருந்து' என்று விளையாட்டுப் பக்கத்தில் படித்துப் பழகிய காதுக்கு, வெளியிலிருந்து ஏதோ ஏற்றியதாகத்தான் அது கேட்கும். ('பூஸ்ட்' என்று அப்படியே விடலாம் என்றால், தமிழ்நாட்டில் அது பாலில் கலக்கும் சங்கதி.)

இனி மிகைக்கடிகாரம். 'ஓவர்கிளாக்கிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் உடைத்து ஒட்டியது அது. அங்கே 'கிளாக்' என்பது சுவரில் தொங்கும் கடிகாரம் அல்ல, ப்ராசசரின் துடிப்பு. 'மிகைத்துடிப்பு' என்றிருந்தாலாவது பொருள் நின்றிருக்கும். அதையும் மன்னித்துவிடலாம். டர்போ பூஸ்டுக்கும் அதே சொல்லைப் போடுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஓவர்கிளாக்கிங் நாமாகச் செய்வது, தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தாண்டுவது, உத்தரவாதமே போய்விடலாம். டர்போ பூஸ்ட் தானாக நடப்பது, எல்லைக்குள்ளேயே நடப்பது.

2020இல் வந்த கோர் ஐ7-10700ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது 0.8 கிகாஹெர்ட்ஸ் வரை இறங்கும். அடிப்படை வேகம் 2.9. வெப்பமும் மின்திறனும் இடம் கொடுத்தால் 4.8 வரை எழும். பெயரின் முடிவில் 'கே' இல்லாததால் இதன் பெருக்கெண், அதாவது வேகத்தை நிர்ணயிக்கும் எண், பூட்டப்பட்டது. அந்த வழியில் ஓவர்கிளாக் செய்யவே முடியாது. செய்யவே முடியாத ஒன்றின் பெயரைத் தினமும் தானாகச் செய்யும் ஒன்றுக்குச் சூட்டினால் என்ன ஆகும்? 'மிகைக்கடிகாரம் ஆபத்து, அணைத்துவிடுங்கள்' என்ற வரியைப் படித்தவர், கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் போய் டர்போவை அணைப்பார். அப்புறம் 2.9ஐத் தாண்டாத கணினியை வைத்துக்கொண்டு வைரஸ் தேடுவார்.

என் பரிந்துரை மூன்று சொல். 0.8 தணிவேகம், 2.9 அடிவேகம், 4.8 எழுவேகம். எழுஞாயிறு, படுஞாயிறு என்று சொல்லிப் பழகிய மொழிக்கு வினைத்தொகை புதிதல்ல. எழுவது வேகம்தான், நாம் எழுப்புவதில்லை. எழுந்தது இறங்கும் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. அந்த இறக்கத்தைப் புரியாமல்தான் பலர் பழுது என்று அலறுகிறார்கள். இன்டெல் கணக்குப்படி இந்த ப்ராசசர் 224 வாட் வரை இழுக்கலாம், ஆனால் சுமார் 28 வினாடிதான்; பிறகு 65 வாட்டுக்கு வந்துவிட வேண்டும். அரை நிமிடத்தில் வேகம் விழுந்தால் அது பழுதே அல்ல.

எது பழுது? டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். முழுச் சுமை ஏறிய முதல் அரை நிமிடத்திலும் 2.9ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ். அதில் ப்ராசசரின் அதிகபட்ச நிலை 99 விழுக்காடு என்றிருக்கிறதா? 100 ஆக்குங்கள். அந்த ஒரு விழுக்காடு எழுவேகத்தையே அடைத்துவிடும். சும்மா இருக்கும்போதும் இறங்கவே இல்லை என்றால் குறைந்தபட்ச நிலையை 100இலிருந்து 5க்குக் கொண்டுவாருங்கள். சுமை ஏறிய சில வினாடிகளில் 100 டிகிரியைத் தொட்டு வேகம் சரிந்தால் மூடியைக் கழற்றி விசிறியின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று 'க்ளிக்' என்று உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பயாஸில் 'சி-ஸ்டேட்' என்ற மின்சேமிப்பு அமைப்பை வேகத்துக்கு எதிரி என்று நினைத்து அணைப்பவர்கள் உண்டு. இதற்கும் மொழிபெயர்ப்பாளரைத்தான் பிடிக்க வேண்டும். 'உறக்கநிலை' என்று எழுதியதும், கணினியே தூங்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். தூங்குவது கோர் மட்டும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி அது, ஐ7-10700இல் எட்டு உண்டு), அதுவும் பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது, கோழித்தூக்கம். 'அயர்நிலை' என்றால் போதும். எத்தனை கோர் விழித்திருக்கிறது என்று பார்த்துத்தான் உச்சவேகம் முடிவாகிறது. அயர்நிலையை அணைத்தால் எட்டும் விழித்திருப்பதாகக் கணக்கு. அப்புறம் ஒற்றைக் கோருக்கு உரிய 4.8 கிடைக்காது, எட்டுக்கும் பொதுவான 4.6தான்.

லினக்ஸ்காரர்களுக்கு வேறொரு கண்ணி. ப்ராசசரின் வேகத்தை அங்கே கவனித்துக்கொள்ளும் இன்டெல் பி-ஸ்டேட் இயக்கி வைத்திருக்கும் கோப்பின் பெயர் 'நோ டர்போ'. அதில் 0 இருந்தால் டர்போ உண்டு, 1 இருந்தால் இல்லை. இதை 'டர்போ இல்லை: 0' என்று தமிழில் எழுதினால் 'டர்போ கிடையாது' என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'எழுவேகத் தடை: 0' என்று எழுதுங்கள்.