சாமி படத்துக்கு ஏன் வியர்க்கிறது?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வரவேற்பறையில் இருக்கும் தஞ்சாவூர் ஓவியத்தின் கண்ணாடிக்கு உட்புறம் மாலையில் நீர் அரும்புகிறது. அம்மனுக்கு வியர்க்கிறது, பரிகாரம் செய் என்கிறார் மாமியார். படத்துக்குச் சட்டம் போட்டவரோ லைனர் வைத்தால் போதும் என்கிறார். எது சரி?”

சட்டக்காரர் சொல்வதில் பாதி சரி. லைனர் என்பது வெளிச்சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே வரும் உள்சட்டம். துணி ஒட்டியோ பொன்னிறம் பூசியோ இருக்கும். அழகுக்கு என்றே பலரும் வாங்குகிறார்கள். ஆனால் கண்ணாடியை வெளிச்சட்டத்துக்கும் லைனருக்கும் இடையில் பொருத்தினால், லைனரின் கனமே படத்துக்கு மேல் காற்றிடைவெளி ஆகிவிடுகிறது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 செ.மீ.க்கு 40 செ.மீ. படம், 5 மி.மீ. இடைவெளி: உள்ளே இருப்பது ஒரே லிட்டர் காற்று. 30 பாகை வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில் அதில் இருக்கும் நீராவி வெறும் 24 மில்லிகிராம். பின்னால் இருக்கும் 600 கிராம் பலகையோ, பினாங்கின் ஈரக்காற்றைக் குடித்துக் குடித்து 60 கிராமுக்கு மேல் நீரைத் தனக்குள் வைத்திருக்கிறது. இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகம்! மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் ஏறும்போது பலகை சூடாகி ஈரத்தைக் கக்குகிறது. முன்பக்கம் ஏர்கான் கண்ணாடியை 24 பாகைக்குக் குளிர்விக்கிறது. நான் சொன்ன காற்றின் பனிநிலையே, அதாவது நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையே, 26 பாகை. பலகை கக்கிய ஈரமும் சேர்ந்தால் அது இன்னும் உயரும். கண்ணாடி வியர்க்காமல் என்ன செய்யும்? அம்மன் மேல் பழி போட வேண்டாம். பரிகாரச் செலவை ஏர்கான் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

லைனர் இந்த வியர்வையை நிறுத்தாது. வியர்வை படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தஞ்சாவூர் ஓவியத்தில் அதுவே பெரிய உதவி: சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து எழுப்பிய நகைவேலை ஈரம் பட்டால் இளகும், இளகியது கண்ணாடியில் அழுந்திக் காய்ந்தால் பொன்தகட்டோடு பெயர்ந்து வரும். புகைப்படங்களும் இப்படித்தான், மேற்பூச்சான ஜெலட்டின் ஊறிப் பிசுபிசுத்துக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும்.

ஆகவே லைனர் வாங்கும்போது நிறத்துக்கு முன் கனத்தைப் பாருங்கள். படத்தில் மிக மேடான கல்லைவிட அது உயரமாக இருக்க வேண்டும். மரத்தின் அமிலம் படத்தில் ஏறாதிருக்க, படத்தைத் தொடும் பக்கத்தில் அலுமினியத் தடுப்பு நாடா ஒட்டச் சொல்லுங்கள். சட்டத்தின் பின் மூலைகளில் ரப்பர்க் குமிழ் வைத்தால் சுவர்ச்சூடு நேரே பலகைக்கு ஏறாது. எல்லாவற்றையும்விட, அந்த மேற்குச் சுவரை விட்டு வேறு சுவருக்கு மாற்றுங்கள்.